எண்பத்து நான்கு போத்தல்கள்

காலை ஏழே முக்காலுக்கு அந்தப் பள்ளிக்கூடத்துப் படியேறினால் முதலில் கண்ணில் படுவது போத்தல்கள்தான்.

வகுப்பறைச் சுவரை ஒட்டி முழங்கால் உயரத்துக்கு ஒரு சீமெந்துக் கட்டு. அதன் மேல் வரிசையாக ஒன்றரை லீற்றர் சோடாப் போத்தல்கள். ஒவ்வொன்றுக்கும் பழைய சேலைத் துணியில் தைத்த உறை, தோளில் மாட்டிக்கொள்ள ஒரு நாடா. பச்சைப் பூ, மஞ்சள் கோடு, யாரோ கல்யாணத்துக்குக் கட்டிய சிவப்புச் சரிகை. உள்ளே காலைக் கூட்டத்தில் பிள்ளைகள் பாடிக்கொண்டிருந்தார்கள். மலைப்பக்கமிருந்து இறங்கிய பனி போத்தல் மூடிகளில் பொட்டுப் பொட்டாக உட்கார்ந்திருந்தது.

நின்று எண்ணினேன். எண்பத்து நான்கு. வரவுப் பதிவேட்டிலும் அன்று எண்பத்து நான்கு. இரண்டு எண்கள் பொருந்திவிட்டால் எனக்கு ஒரு நிம்மதி வரும். குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு தண்ணீர்த் தாங்கியைப் பார்க்கப் பின்பக்கம் போனேன்.

ஒரு போத்தலையாவது தூக்கிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

வாரந்தோறும் நான் எழுதும் இந்தக் குறிப்புகளில் சென்ற வாரத்ததைப் படித்த தோழி ஒருத்தி, "நீ எழுதுறதப் பாத்தா வேலையில நீ பிழையே விட்டதில்ல போல இருக்கே" என்று சொன்னாள். அவளுக்காகத்தான் இந்த வாரம் இதை எழுதுகிறேன்.

ஒரு குழாய், மூன்று முறை

நீர்த்திட்டங்களைப் பார்க்கும் ஓர் அலுவலகத்தில் நான் தொழில்நுட்ப உத்தியோகத்தர். அந்த ஆண்டு உலர்ந்த மாதங்களில் நமுனுகுல மலைப்பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் ஆரம்பப் பள்ளிக்கு என்னை அனுப்பினார்கள். தரம் ஒன்று முதல் ஐந்து வரை. ஐந்து ஆசிரியர்கள். ஆயிரம் லீற்றர் கறுப்புத் தாங்கி ஒன்று.

பள்ளிக்கூடம் இரண்டாவது தாங்கி கேட்டிருந்தது. ஒரு நாள் தண்ணீர் வராவிட்டால் மலசலகூடத்துக்கு இல்லை. பதினொரு மணிக்கே பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. எங்கள் அலுவலகத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு: இருக்கிற தண்ணீரை வீணாக்காத பள்ளிக்கூடத்துக்குத்தான் புதிய தாங்கி. வீணாகிறதா இல்லையா என்று அளந்து அறிக்கை கொடுப்பது என் வேலை. அறிக்கை சரியில்லை என்றால் தாங்கி பட்டியலில் அடுத்த பள்ளிக்கூடத்துக்குப் போய்விடும்.

மலையில் காட்டோரம் ஒரு ஊற்று. அதிலிருந்து இறங்குவது ஒரே குழாய். அது மூன்று முறையாகப் பிரிந்திருந்தது:

காலை ஐந்து முதல் ஏழு வரை பள்ளிக்கூடம்.

ஏழு முதல் ஒன்பது வரை கீழே இருக்கும் வீட்டு வரிசைகள். அவற்றைப் பணிய லயம் என்பார்கள்.

அதற்குப் பிறகு தொழிற்சாலை.

முறை மாற்றி வால்வு திறப்பவர் சந்தனம் அண்ணன். முழங்கால் உயரச் சப்பாத்து, இடுப்பில் வால்வைத் திருகும் ஒரு பெரிய திறப்பு, காதில் எப்போதும் ஒரு வானொலிக் கம்பி. முதல் நாளே என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "தண்ணிய அளக்க வந்தீங்களா மிஸ்? அளந்துட்டு மிச்சத்த வச்சிட்டுப் போங்க" என்றார்.

என் பட்டியல்

ஐந்து நாள் அளந்தேன். தாங்கியின் பக்கத்தில் கண்ணாடி போன்ற மெல்லிய குழாய் ஒன்றைப் பொருத்தி, நூறு லீற்றருக்கு ஒரு கோடு கீறினேன். காலை எட்டுக்கு மட்டத்தை நான் பார்ப்பேன். பள்ளி விட்ட பிறகு இரண்டு மணிக்கு அதிபர் பார்த்து எழுதி வைப்பார். எனக்கு ஒரு மணி பஸ்ஸை விட்டால் அடுத்தது நாலுக்குத்தான் என்பதால் அந்த ஏற்பாடு.

மற்ற நேரமெல்லாம் குழாயடியில் ஒரு சின்ன நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். யார் என்ன எடுத்தாலும் ஒரு கோடு.

குறிப்பேட்டின் இடப்பக்கத்தில் "உள்ளே". வலப்பக்கத்தில் "வெளியே". வெளியேயில் ஐந்து வரிகள்: குடிக்க, கை கழுவ, மலசலகூடத்துக்கு, கூட்டித் துடைக்க, செடிகளுக்கு.

உள்ளேயில் இரண்டு வரிகள்: தாங்கி, போத்தல்.

தரம் நான்கில் டிலக்சனா என்று ஒரு பிள்ளை. அவள்தான் குழாய் மொனிட்டர். இரட்டைப் பின்னல், ஒரு பக்க ரிப்பன் எப்போதும் அவிழ்ந்திருக்கும். யாராவது குழாயைத் திறந்துவிட்டுப் பேசிக்கொண்டு நின்றால் அவள் ஒரு வார்த்தையும் சொல்ல மாட்டாள். வந்து மூடிவிட்டுப் போவாள். மூடும்போது கடைசிச் சொட்டு விழுகிறதா என்று பார்ப்பாள்.

"நீ என்ன பாக்குற?" என்றேன் ஒருநாள்.

"வொஷர் தேஞ்சிருச்சான்னு பாக்குறேன் மிஸ். நீங்கதானே அன்னைக்குச் சொன்னீங்க."

அந்த ஐந்து நாளில் இன்னொன்றும் பார்த்தேன். போத்தல்கள் கட்டின் மேல் அப்படியே இருக்க, பிள்ளைகள் குழாயில் கை குவித்துக் குடித்தார்கள். "குடிக்க" என்ற வரியில் கோடு போட்டேன். பக்கத்திலேயே போத்தலை வைத்துக்கொண்டு ஏன் கையில் குடிக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

தோன்றாததற்கு ஒரு காரணம் இருந்தது. அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

பூனாகலைப் பக்கம் ஒரு பீப்பாய்

நான் படித்த ஆரம்பப் பள்ளி பூனாகலைப் பக்கம். அங்கே குழாயே கிடையாது. ஒவ்வொரு பிள்ளையும் வீட்டிலிருந்து ஒரு போத்தல் தண்ணீர் கொண்டு போக வேண்டும். மலசலகூடத்துக்குப் பக்கத்தில் ஒரு நீலப் பீப்பாய். காலையில் வரிசையில் நின்று ஊற்றுவோம். டீச்சர் பக்கத்தில் நின்று பார்ப்பார். கொண்டு வராதவர் கூட்டம் முடியும் வரை வெளியே நிற்க வேண்டும்.

எங்கள் லயத்திலிருந்து பள்ளிக்கூடத்துக்கு ஏற்றம். ஒன்றரை லீற்றர் என்றால் ஒன்றரைக் கிலோ. அதை அப்போது தோள் சொல்லிக் கொடுத்தது. ஒருநாள் பாதி வழியில் பாதியைத் தேயிலைச் செடிக்கு ஊற்றிவிட்டேன். பீப்பாயடியில் போத்தலைச் சாய்க்கும்போது மட்டம் தெரியாமல் இருக்க, இரண்டு கையாலும் பொத்திப் பிடித்தேன். டீச்சர் அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார். அடுத்த நாள் எல்லாப் போத்தல்களிலும் சிவப்பு மையால் ஒரு கோடு இருந்தது, அதுவரை நிரப்ப வேண்டும் என்று.

தாங்கியில் கோடு கீறும் பழக்கம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

ஆகவே ஒரு பள்ளிக்கூட வாசலில் போத்தல் வரிசையைப் பார்த்ததும் என் மனதில் ஒரே ஒரு படம்தான் வந்தது: வீட்டிலிருந்து தண்ணீர் வருகிறது. "உள்ளே: போத்தல், ஆளுக்கு ஒன்றரை லீற்றர்" என்று எழுதிவிட்டேன். எண்பத்து நாலை ஒன்றரையால் பெருக்கினால் நூற்றிருபத்தாறு. நூற்றிருபத்தைந்து என்று வைத்துக்கொண்டேன்.

இருநூற்றைம்பது லீற்றர்

ஐந்தாம் நாள் கூட்டிப் பார்த்தேன்.

ஒரு நாளைக்கு வெளியே போவது ஏறக்குறைய எழுநூற்றெழுபத்தைந்து லீற்றர். அதில் நூற்றிருபத்தைந்து போத்தலில் வந்துவிடுகிறது. ஆகவே தாங்கியில் அறுநூற்றைம்பது இறங்க வேண்டும்.

அதிபரின் கையெழுத்தில் இருந்ததோ, ஒவ்வொரு நாளும் தொள்ளாயிரத்துக்குக் கிட்ட.

இருநூற்றைம்பது லீற்றர் காணவில்லை. ஐந்து நாளும் அதே அளவு.

முதலில் கசிவு என்றுதான் நினைத்தேன். சந்தனம் அண்ணனும் நானும் அரைநாள் தோண்டினோம். குழாய் இணைப்பு ஒவ்வொன்றையும் திறந்து பார்த்தோம். மண் காய்ந்து புழுதியாகக் கிடந்தது. அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, "மிஸ், நீங்க தேடுறது தண்ணியா, பொதையலா?" என்றார்.

பதுளைக் கடைவீதியில் ஹனிபா நானாவின் குழாய்ச் சாமான் கடைக்குப் போய் எல்லாக் குழாய்களுக்கும் புது வொஷர் வாங்கி வந்து மாற்றினேன். மட்டம் மாறவில்லை. மறுபடியும் போனேன்.

"என்ன தங்கச்சி, முந்தாநாள் கொண்டு போன வொஷருக்கு நமுனுகுல மலையே ஒழுகாம நிக்கணுமே" என்றார் நானா.

"லீக் நிக்கல நானா."

"லீக்குன்னா மண் நனையும். நனஞ்சிச்சா?"

"இல்ல."

"சுவர்?"

"அதுவும் இல்ல."

"அப்ப லீக்கே இல்ல." கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "லீக் இல்லாத எடத்துக்கு வொஷர் வித்திருக்கேன். அல்லாஹ்தான் மன்னிக்கணும். இருங்க, டீ குடிச்சிட்டுப் போங்க."

கசிவு இல்லையென்றால் மிச்சமிருப்பது ஆட்கள்தான். அன்று மாலை அறிக்கையின் முதல் பிரதியில் இப்படி எழுதினேன்: "மாணவர்களின் கவனக்குறைவான பாவனையால் நாளொன்றுக்கு ஏறக்குறைய இருநூற்றைம்பது லீற்றர் வீணாகிறது."

அதை அதிபருக்குக் காட்டினேன். பதுளையிலிருந்து தினமும் வருகிறவர், மெலிந்த மனிதர், கோபம் வந்தால் சோக்குக் கட்டியைத் துண்டு துண்டாக உடைப்பார். இரண்டு முறை படித்தார். ஒரு சோக்கு உடைந்தது.

"சரி மிஸ்" என்றார். "அப்படியே எழுதுங்க."

தாங்கி கைவிட்டுப் போகும் வரி அது. அவர் வாதாடாதது எனக்கு வியப்பாக இருந்தது.

வராத பஸ்

அடுத்த திங்கட்கிழமை அறிக்கைக்கு அதிபரின் கையொப்பம் வாங்க மட்டும் போயிருந்தேன். வாங்கிவிட்டு ஒரு மணி பஸ்ஸுக்காகச் சந்தியில் நின்றேன். பஸ் வரவில்லை. கீழே எங்கோ வளைவில் சில்லு காற்றுப் போய் நிற்கிறது என்று ஓட்டோக்காரர் சொன்னார். வெயில் தலையில் அடித்தது. கச்சான் என்கிற வறண்ட காற்றில் தேயிலை விளிம்புகள் காய்ந்து சுருண்டிருந்தன. மறுபடியும் பள்ளிக்கூடத்துக்கே ஏறினேன்.

ஒன்றரை மணி அடித்தது.

பிள்ளைகள் ஓடிவரவில்லை. வரிசையாக வந்தார்கள். சின்ன வகுப்புகள் பதினொன்றரைக்கே முடிந்துவிடும். ஆனால் போகிற பாதையில் குளவிக் கூடு இருப்பதால் அவர்களும் அக்கா அண்ணன்மாருக்காகக் காத்திருந்து சேர்ந்தே போவார்கள். எண்பத்து நான்கு பேரும் சீமெந்துக் கட்டிலிருந்து தங்கள் தங்கள் உறையை எடுத்தார்கள். எடுக்கும் விதத்தில் ஒன்றைக் கண்டேன். கைகள் வெடுக்கென்று மேலே போயின. பாரமே இல்லை.

குழாயடியில் டிலக்சனா நின்றாள். ஒரு போத்தல் வாய் வந்தது, குழாய் திறந்தது, நிரம்பியது, மூடியது. அடுத்த வாய். ஒரு துளியும் தரையில் விழவில்லை. தரம் ஒன்றுப் பையன்கள் கூட நாடாவைப் பல்லில் கடித்துக்கொண்டு இரண்டு கையாலும் போத்தலைப் பிடித்து நின்றார்கள்.

நான் சுவரோரம் நின்று பார்த்தேன். கடைசியில் அவள் இரண்டு போத்தல்களை நிரப்பிக்கொண்டு திரும்பும்போது என்னைக் கண்டாள். இரண்டு போத்தலையும் முதுகுக்குப் பின்னால் கொண்டு போனாள்.

"எதுக்கும்மா இப்ப தண்ணி? வீட்டுக்குத்தானே போறீங்க?" என்றேன்.

"ஆமா மிஸ். வீட்டுக்குத்தான்."

"வீட்டுல தண்ணி வராதா?"

"வரும் மிஸ். ஏழு மணிக்கு மேல வரும். அப்ப அம்மா பெரட்டுக்குப் போயிருவாங்க. நாங்க ஸ்கூலுக்கு வந்துருவோம்."

பெரட்டு என்பது காலையில் ஆட்களைக் கணக்கெடுத்து மலைக்கு அனுப்பும் இடம். ஆறரைக்கெல்லாம் அங்கே நிற்க வேண்டும். லயத்தில் தண்ணீர் வரும் நேரம் லயத்தில் ஆள் இல்லை.

"வாளி வச்சிட்டுப் போக முடியாதா?"

"பத்து வீட்டுக் காம்பராவுக்கு ஒரு பைப்பு மிஸ். ஒரு வாளிதான் நெறையும். அது யாரு வாளின்னு சாயங்காலம் சண்டை வரும்." சொல்லும்போது அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. உடனே அடக்கிக்கொண்டாள். "மலைப் பீலியிலயும் இப்ப தண்ணி நூல் மாதிரிதான் விழுது. இதுல ஒன்னு சோத்துக்கு. ஒன்னு பாப்பாவுக்குக் கொதிக்க வைக்க."

"யார் எடுத்துட்டு வரச் சொன்னது?"

"யாரும் சொல்லல மிஸ். எல்லாரும் எடுப்பாங்க." பிறகு மெதுவாக, "எழுதப் போறீங்களா மிஸ்?" என்றாள்.

நான் பதில் சொல்வதற்குள் கீழே நின்ற தம்பி கத்தினான்: "அக்கா, குளவி வருது, வா!" குளவி ஒன்றும் வரவில்லை. அவனுக்குப் பசி. அவள் இரண்டு போத்தலையும் தோளுக்கு ஒன்றாக மாட்டிக்கொண்டு இறங்கினாள்.

குறிப்பேட்டைத் திறந்தேன். நூற்றிருபத்தைந்து உள்ளே வரவில்லை, வெளியே போகிறது. அம்புக்குறி தலைகீழ். கூட்ட வேண்டியதைக் கழித்திருக்கிறேன். அதனால்தான் வித்தியாசம் இரண்டு மடங்காகத் தெரிந்தது. எழுநூற்றெழுபத்தைந்தும் நூற்றிருபத்தைந்தும் தொள்ளாயிரம். அதிபர் எழுதி வைத்த எண் ஐந்து நாளும் சரி.

அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு லீற்றரும் வீணாகவில்லை. கவனக்குறைவாக இருந்தது நான்.

அதிபரின் மேசை

"உங்களுக்குத் தெரியும்" என்றேன் அதிபரிடம்.

"தெரியும்."

"ஏன் சேர் சொல்லல?"

அவர் ஒரு சோக்கை எடுத்தார். உடைக்கவில்லை, மேசை மேல் நிற்க வைத்துப் பார்த்தார்.

"மிஸ், கவனக்குறைவுன்னு எழுதினா, புள்ளைங்களுக்குத் தண்ணியப் பத்தி ஒரு வகுப்பு எடுங்கன்னு கடிதம் வரும். எடுத்துட்டுப் போவேன். வீட்டுக்குக் கொண்டு போறாங்கன்னு எழுதினா, போத்தல நிப்பாட்டுங்கன்னு கடிதம் வரும். அத நான் எப்படி அந்தப் புள்ளைங்க மூஞ்சியப் பாத்துச் சொல்றது?"

"தாங்கி போயிருமே சேர்."

"போகும்." சோக்கு சாய்ந்து விழுந்தது. "எனக்கு வேற வழி தெரியல. உங்களுக்குத் தெரிஞ்சா சொல்லுங்க."

கையொப்பமிட்ட அறிக்கை என் பையில் இருந்தது. அதை எடுத்து இரண்டாக மடித்துக் கிழித்தேன். பிறகுதான், வேறு வழி எனக்கும் தெரியாது என்பது நினைவுக்கு வந்தது.

நாலு மணி பஸ் வரை நேரம் இருந்தது. வால்வு இருக்கும் இடத்துக்கு ஏறினேன்.

தாங்கிக்குக் கை வேண்டாம்

சந்தனம் அண்ணன் வால்வுப் பெட்டியின் மேல் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்துக்கு ஏன் விடிகாலை முறை என்று கேட்டேன்.

"அப்ப தாங்கி இல்ல மிஸ். டீச்சர்மாரு வந்து வாளியில புடிச்சு வச்சாத்தான் உண்டு. புள்ளைங்க வர்றதுக்கு முந்தி தண்ணி வேணும்னு அந்தக் காலத்துப் பெரிய சேர் வந்து கேட்டாரு. குடுத்தோம்."

"தாங்கி வச்ச பிறகு?"

"வச்ச பொறகும் அதே நேரந்தான். யாரும் மாத்தச் சொல்லல. நானும் மாத்தல."

"அஞ்சு மணிக்குத் திறந்தா எப்ப நிரம்புது?"

"ஆறுக்கெல்லாம் நெறஞ்சிரும். உள்ள மெதக்குற பந்து மேல வந்து அடைச்சிக்கும். அதுக்குப் பொறகு ஏழு வரைக்கும் தண்ணி மேல ஊத்துப் பெட்டியிலயே பொங்கி ஓடைக்குப் போவும்."

ஐந்து நாளாக நான் தேடிய, வீணாகும் தண்ணீர் அங்கே இருந்தது. நான் வந்து உட்காரும் முன்பே, பெண்கள் வெறும் வாளியோடு எழுந்திருக்கும் நேரத்தில், ஒவ்வொரு நாளும் ஒரு மணி நேரத் தண்ணீர் ஓடைக்குப் போயிருக்கிறது.

தாங்கிக்கு யாரும் வாளி பிடிக்க வேண்டியதில்லை. எந்த நேரம் வந்தாலும் அது தானாக நிரப்பிக்கொண்டு தானாக மூடிக்கொள்ளும். ஆட்களுக்குத்தான் நேரம் வேண்டும். ஐந்து முதல் ஏழு வரை லயத்துக்கு, ஏழு முதல் ஒன்பது வரை பள்ளிக்கூடத்துக்கு என்று மாற்றினால் போதும். தாங்கி நிரம்பியதும் வால்வை மாற்றிவிட்டால் ஓடைக்கும் போகாது.

"அட" என்றார் சந்தனம் அண்ணன். கொஞ்ச நேரம் வெற்றிலையை மென்றார். "லயத்துப் பொம்பளைங்க ஏங்கிட்ட எத்தன தடவ கேட்டுருக்காங்க தெரியுமா? ஸ்கூல் முறையில கை வைக்க முடியாதும்மா, புள்ளைங்க தண்ணின்னு சொல்லி அனுப்பிருவேன். அவங்களும் புள்ளைங்க தண்ணி வேணாம்னு போயிருவாங்க."

அந்தத் தண்ணீரைத்தான் மத்தியானம் பிள்ளைகள் தோளில் சுமந்து திருப்பிக் கொண்டு போனார்கள்.

அதிபர் லேசில் சம்மதிக்கவில்லை. "விடிகாலை முறைய ஒரு தடவ விட்டுக் குடுத்தா அது திரும்பி வராது மிஸ். நாளைக்கு ஏழு மணி முறையில தொழிற்சாலை கை வச்சா நான் எங்க போவேன்? காலையில மலசலகூடம் கழுவ என்ன செய்ய?"

முந்தின நாள் மிச்சம் நூறு லீற்றர் தாங்கியில் இருக்கும், ஏழரைக்குள் மட்டம் ஏறத் தொடங்கும் என்று கோடு கீறிக் காட்டினேன். கடைசியில் இரண்டு வாரம் மட்டும் பார்ப்பது என்று ஒத்துக்கொண்டார். அதை ஒரு தாளில் எழுதி, மூவரும் கையொப்பமிட்டு, நெகிழி உறையில் போட்டு வால்வுப் பெட்டிக்குள் ஒட்டினோம். "என் கையெழுத்து இருக்கிற ரெண்டாவது கடதாசி இது மிஸ். மொதலாவது என் கல்யாணம்" என்றார் சந்தனம் அண்ணன். "ரெண்டும் தண்ணி விசயத்துல வம்புதான்."

அலுவலகத்துக்குப் புதிய அறிக்கை எழுதினேன். "வெளியே" பக்கத்தில் ஆறாவது வரி ஒன்று சேர்த்தேன்: வீட்டுக்கு. என் பிழை எங்கே நடந்தது என்பதையும் எழுதினேன். இரண்டு நாள் கழித்துப் பொறியியலாளர் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"ஆறாவது வரி நம்ம படிவத்துல இல்லையே?"

"படிவத்துல இல்ல சேர். தாங்கியில இருக்கு."

"ரெண்டு வாரம் முடிஞ்சதும் மறுபடி அளந்து அனுப்புங்க. அதுவரைக்கும் தாங்கிய யாருக்கும் குடுக்க மாட்டேன்" என்றார்.

தூக்கிப் பார்த்தது

முதல் வாரம் எதுவும் மாறவில்லை. முறை மாறிவிட்டது, விடிகாலையில் லயத்துக் குழாயில் தண்ணீர் வந்தது. ஆனாலும் போத்தல்கள் காலியாகவே வந்து, நிறைந்தே போயின.

"முறையையும் குடுத்துட்டோம், போத்தலும் போவுது" என்றார் அதிபர். கோபமாக இல்லை, களைப்பாக. "அவங்க நம்பல மிஸ். ரெண்டு நாள் வரும், அப்புறம் நின்னுரும்னு நெனைக்கிறாங்க. எத்தனையோ வந்து நின்னுருக்கு."

நியாயம்தான். நானாக இருந்தாலும் பிள்ளையிடம் போத்தலைக் கொடுத்துத்தான் அனுப்புவேன்.

இரண்டாவது வாரம், செவ்வாயோ புதனோ, ஏழே முக்காலுக்குப் படியேறினேன். பனி இருந்தது. உள்ளே பாடிக்கொண்டிருந்தார்கள். சீமெந்துக் கட்டில் அதே வரிசை, அதே சேலைத் துணிகள்.

இம்முறை ஒவ்வொன்றாகத் தூக்கினேன். காலி. காலி. காலி. உறைகள் கையோடு பஞ்சு போல வந்தன. வரிசையின் நடுவுக்கு வந்தபோது ஒன்று வரவில்லை. கையை இழுத்தது. பச்சைப் பூப் போட்ட உறை. மூடி வரை தண்ணீர்.

கூட்டம் முடிந்து வெளியே வந்த டிலக்சனா, தன் போத்தல் என் கையில் இருப்பதைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"நான் ஸ்கூல்ல புடிக்கல மிஸ். வீட்டுலேருந்துதான் கொண்டாந்தேன். அம்மா வெள்ளனவே ரெண்டு வாளி புடிச்சிட்டாங்க. தம்பிக்குக் குளிக்க வாத்தாங்க. அவன் அழுதான்."

"இத என்ன செய்யப் போற?"

பள்ளிக்கூடத்துக்கு, மலசலகூடத்துக்கு, செடிக்கு என்று ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். என் மனதில் இன்னும் அந்த நீலப் பீப்பாய் இருந்தது.

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"குடிக்கத்தான் மிஸ். தண்ணிப் போத்தல்னா வேற எதுக்கு?"

போத்தலை அவளிடம் கொடுத்தேன். மூடியைத் திறந்து, தலையை அண்ணாந்து, நாலு மிடறு குடித்துவிட்டுப் பின்னங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு வகுப்புக்கு ஓடினாள். ஒரு பக்க ரிப்பன் அவிழ்ந்திருந்தது.

சின்ன நாற்காலியில் உட்கார்ந்து குறிப்பேட்டைத் திறந்தேன். "உள்ளே" பக்கத்தில், அடித்துவிட்டிருந்த "போத்தல்" என்ற வரிக்குக் கீழே அதே சொல்லை மறுபடியும் எழுதினேன். அதற்கு நேரே: ஒன்றரை லீற்றர்.